குறி வெட்டிய கோட்டு

கோட்டு ஆணியில் இல்லை என்பதை நான் கண்ட காலையில் கடையில் இருந்தவர்கள் இவர்கள்: கவுண்ட்டரில் என் மகன், அவனுக்குப் பின்னால் பொத்தான் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்த மருமகள், குறி தைக்கும் மேசையில் பேத்தி, கழுத்தில் அளவு நாடாவோடு அவளைக் கட்டப்போகிற எதிர்க்கடைத் தையல்காரன், நீராவி இஸ்திரிக்கு முன்னால் ஆவி, பிறகு நான். வேறு யாரும் இல்லை. யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஆளுக்கு ஒரு விதமாகப் பேச ஆரம்பிப்பார்கள். அங்கே இல்லாதவன்தான் எல்லாரையும்விட விவரமாகச் சொல்வான்.

ஆவி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. மீசை முளைக்கும் வயதில் எங்கள் சலவைக்கடையில் சேர்ந்து, அந்த இயந்திரத்தின் புகைக்குள் நின்றுகொண்டு தலையை மட்டும் நீட்டிப் பேசிப் பேசி வந்த பெயர். இப்போது அவனுக்கும் மீசை நரைத்துவிட்டது.

"என் கோட்டு எங்க?" என்று கேட்டேன்.

"எந்தக் கோட்டுப்பா?" என்றான் மகன்.

எனக்கு இருப்பது ஒரே கோட்டு. சாம்பல் நிறம், கனத்த துணி. சாயங்காலம் கடைத்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நான் நடக்கும்போதெல்லாம் என் மேல் இருப்பது. பின்னறையில் இஸ்திரி மேசைக்கு மேலே அதற்கென்று ஓர் ஆணி உண்டு. அந்த ஆணியில் வேறு யாரும் துண்டைக்கூட மாட்டமாட்டார்கள். இதெல்லாம் தெரிந்தவன் எந்தக் கோட்டு என்று கேட்டால் அது பதில் தேடிக்கொள்ள அவகாசம் கேட்பது.

"வெயில்ல போட்டிருக்கு மாமா. பூச்சி வெச்சிடப் போகுதேன்னு நான்தான்..." என்றாள் மருமகள். வெளியே காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. அவளும் அதை அப்போதுதான் கவனித்தாள் போலிருக்கிறது. பொத்தான் டப்பாவுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"கோட்டுக்கு என்ன, காலா இருக்கு எழுந்து போக? வரும் தாத்தா" என்றாள் பேத்தி. தையல்காரன் தன் செருப்பைப் பார்த்தான். ஆவி மிதியை அழுத்தினான்; புஸ்ஸென்று புகை எழுந்து அவனை மறைத்தது. அந்த நேரத்தில் இயந்திரத்தின் பலகையில் ஒரு துணியும் இல்லை. அங்கே இருந்த அத்தனை பேரிலும் நான் அதிகமாகச் சந்தேகப்பட்டது அந்தப் புகையைத்தான்.

எதற்காக எடுத்தார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கு எண்பது வயது நிறையப் போகிறது. என்ன பரிசு கொடுப்பது என்று சில வாரங்களாகவே வீட்டில் குசுகுசுப்பு. எனக்குக் காது மந்தம் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. அதனால் நிறையக் கேட்க முடிந்தது. மகன், சாய்ந்து படுக்கிற மாதிரி ஒரு நாற்காலி என்றான். மருமகள், பிடியில் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி என்றாள். எண்பது வயதுக்காரனுக்குக் கொடுக்கிற பரிசு எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கிழவா, உட்கார். பேத்தி ஒருத்திதான், "நாற்காலி வாங்கினீங்கன்னா அதுல பூனைதான் உக்காரும். தாத்தாவுக்குன்னு ஒண்ணு, தாத்தா தொட்டுத் தொட்டுப் பாக்கற மாதிரி ஒண்ணு இருக்கணும்பா" என்றாள். மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அவள் என் கோட்டைத்தான் நினைத்துப் பேசுகிறாள் என்று அப்போது தெரியாது.

எனக்கு இருந்த கவலை வேறு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் கடையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் வரும் ஒவ்வொரு துணிக்கும் சிவப்பு நூலில் ஒரு குறி தைப்போம். சட்டையென்றால் கழுத்துப்பட்டையின் அடியில், கோட்டென்றால் இடது பக்க உள்பைக்குக் கீழே லைனிங்கில். கோடு, பெருக்கல், புள்ளி. ஆளுக்கு ஒரு சேர்க்கை. துணிக்காரர் வந்து வாங்கும்போது அவர் கண் முன்னாலேயே கத்திரியால் அந்த நூலை வெட்டி உருவி, துணியைக் கையில் கொடுப்போம். குறி வெட்டியாயிற்று என்றால் துணி உரியவரிடம் போய்ச் சேர்ந்தாயிற்று என்று பொருள். அதற்குப் பிறகு அந்தத் துணியைப் பற்றி எங்களிடம் பேச்சு இல்லை. குறியோடு ஒரு துணி கடையை விட்டு வெளியே போகக்கூடாது. குறியுள்ள துணி எங்கள் வீட்டு ஆள் மேனியில் ஏறவே கூடாது. வாடிக்கைக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த வேலைக்காரனை மறுநாள் காலையிலேயே கணக்கு முடித்து அனுப்பினேன். என் மகன் அழுதான். அவனுக்கு அந்த ஆளைப் பிடிக்கும். அழட்டும் என்று விட்டேன். ஊரான் துணியைக் கையால் தொட்டுப் பிழைக்கிற குடும்பத்துக்கு இருக்கிற மானம் அது ஒன்றுதான்.

நான் தினமும் போட்டுக்கொள்ளும் கோட்டின் உள்ளே குறி இருக்கிறது.

அது என்னுடையது அல்ல. என் தம்பியுடையது. கடை திறந்த நாளில் எங்கள் இருவருக்கும் ஒரே துணியில், ஒரே தையல்காரர் தைத்தது. கவுண்ட்டருக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தில் பார்க்கலாம். இரண்டு சாம்பல் நிறக் கோட்டு, நடுவில் புது இயந்திரம். அவனுக்குத் தோள் அகலம். மற்றபடி எது யாருடையது என்று எங்கள் அம்மாவால்கூடச் சொல்ல முடியாது. சில வருடங்கள் கழித்து அவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த பெரிய சலவைக்கடைக்கு வேலைக்குப் போனான். சொந்தக் கடையை விட்டுவிட்டு, எங்களுக்குப் போட்டியாக வந்தவனிடம் கைகட்டி நிற்கப் போனான். அவன் பக்கமும் நியாயம் உண்டு என்று சொல்கிறவர்களோடு நான் பேசுவதில்லை. போகும்போது வாசலில் வைத்துச் சொன்னேன்: "இனிமே இந்தப் படி ஏறணும்னா வாடிக்கைக்காரனாத்தான் ஏறணும்." சரிண்ணே என்றான். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு நாள் அவன் ஏறியிருக்கிறான். நான் அப்போது பின்னறையில் கொதிகலன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கவுண்ட்டரில் இருந்தது ஆவி. வேலைக்குப் புதிது, யாரையும் தெரியாது. சாயங்காலம் துணிகளைப் பிரிக்கும்போது அந்தக் கோட்டு என் கையில் வந்தது. யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"வரிசையில நின்னு குடுத்தாருங்க. பேர் கேட்டேன். பேர் எதுக்கு, கோட்டப் பாத்தா உங்க முதலாளிக்கே தெரியும்னாரு. என்னிக்கு வேணும்னு கேட்டேன். அவசரமில்லன்னுட்டாரு."

வரிசையில் நின்றிருக்கிறான். தான் அண்ணனோடு சேர்ந்து திறந்த கடையில், முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர் நிற்க, மூட்டை கட்டிய போர்வைக்காரிக்கும் பள்ளிச் சீருடைக்காரருக்கும் நடுவில் நின்று, முறை வந்ததும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இது வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும். என்னைப் பார்த்து மட்டும் சிரித்தால் பரவாயில்லை. அவனைப் பார்த்தும் சிரிக்கும். நானே துவைத்தேன், நானே இஸ்திரி போட்டேன், முன்கம்பியில் மாட்டினேன். அவன் வரவில்லை. வெகுநாள் வாங்காத துணியை மூட்டையாகக் கட்டி இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவது கடை வழக்கம். அதை எப்படிக் கொடுப்பது? முழங்கை தேய்ந்துபோன என் கோட்டை அந்த மூட்டைக்குள் வைத்தேன். அவனுடையதை என் ஆணியில் மாட்டினேன். ஒருவரும் வித்தியாசம் காணவில்லை. பெரிய கடை சீக்கிரமே மூடிவிட்டது. அவன் எங்கே போனான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேடிப்போவது என் வழக்கமில்லை. ஆனால் தினமும் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தேன். என்றாவது எதிரே வருவான், தன் கோட்டைப் பார்ப்பான், கழற்று என்று கேட்பான். கேட்கட்டும் என்றுதான் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கோட்டுதான் இப்போது எவன் கையிலோ உள்பக்கம் வெளிப்பக்கமாகக் கிடக்கிறது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் ஒரு வார்த்தையையும் சும்மா போகவிடவில்லை. தையல்காரன் மெனக்கெட்டு வந்து, "தாத்தா, சும்மா ஒரு அளவு எடுத்துக்கவா? உங்களுக்கு ஒரு சட்டை தைக்கலாம்னு" என்று நாடாவைத் தோளில் வைத்தான். ஒரு முறை வைத்தவன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் வைத்தான்.

"என்னடா, வயசானா தோளு சுருங்காதா?" என்றேன்.

"சுருங்கும் தாத்தா. ஆனா..." என்று நிறுத்தினான்.

"ஆனா என்ன?"

"ஒண்ணுமில்ல. எலும்பு சுருங்காதேன்னு யோசிச்சேன்."

எலும்பு வரைக்கும் போய்விட்டான். பெண் எடுக்கப் போகிற வீட்டின் எலும்பை இப்போதே எண்ணுகிறவன், நாளைக்கு எங்கெங்கே என்னென்ன பேசுவானோ என்று தோன்றியது. நல்ல பையன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கெட்டவனை யாரும் மாப்பிள்ளை பார்க்கும்போது கெட்டவன் என்று சொன்னதில்லை.

ஆவியைத் தனியாகப் பிடித்தேன். போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"நீ ஏதாவது வாயத் தொறந்தியா?"

"எதுக்கு முதலாளி?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். போர்வையின் நுனியை நுனியோடு சேர்த்தான். "அன்னிக்கும் தெரியாது. இன்னிக்கும் தெரியாது."

என்றைக்கு என்று நான் சொல்லவே இல்லை. இவ்வளவு காலமும் இவனுக்குத் தெரிந்திருக்கிறது. படத்துக்குக் கீழே நின்றுகொண்டுதானே அந்த நாட்களில் துணி வாங்கினான்? அதில் இருக்கிற இரண்டாவது முகத்தை அடையாளம் காண எவ்வளவு நேரமாகும்? என்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். அது விசுவாசமா, கையில் பிடித்து வைத்திருக்கிற கயிறா என்று அன்றைக்கு என்னால் பிரித்தறிய முடியவில்லை.

எதிர்க்கடைக்கும் போனேன். நூல்கண்டு வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் போனேன். எங்கள் கடையில் இல்லாத நூலா என்று அவன் கேட்கவில்லை. தையல் இயந்திரத்துக்கு மேலே கம்பியில் ஒரு வெள்ளைத் துணி போர்த்தித் தொங்கியது. அடியில் சாம்பல் நிறக் கைமுனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பேத்தி முக்காலியில் உட்கார்ந்து வாயில் ஊசியோடு ஏதோ தைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று மடியில் இருந்ததைப் பின்னால் தள்ளினாள். கீழே துணிக்கழிவுக் கூடையில் பழைய லைனிங் சுருண்டு கிடந்தது. அதில் குறி இருந்த இடம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. குனிந்து எடுத்துப் பார்க்க என் முதுகு வளையாது. வளைந்தாலும் பேத்தி முன்னால் நான் கூடையைக் கிளறமாட்டேன். நூல்கண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்ன நிறம் கேட்டேன் என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். சிவப்பு.

பிறந்தநாள் அன்று மாலை கடையைச் சற்று முன்னதாகவே மூடி, பாதி ஷட்டரை இறக்கி, குறி தைக்கும் மேசையில் கேக் வைத்தார்கள். மெழுகுவத்தி எண்பது வைத்தால் தீயணைப்பு வண்டிதான் வரும் என்று மகன் சொல்லி அவனே சிரித்தான். ஊதினேன். ஒரே மூச்சில் அணைந்தது. அதைப் பார்த்துத் தையல்காரனுக்கு ஆச்சரியம். அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது எனக்குத் திருப்தியாக இருந்தது.

பேத்தி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். திறந்தேன். கோட்டு. நான் அறிந்த கோட்டுதான், ஆனால் கடை திறந்த நாளில் இருந்ததுபோல இருந்தது. கழுத்து ஓரத்தில் தேய்ந்த இழைகளை ஒன்றொன்றாக நெய்து சேர்த்திருந்தாள். உள்ளே புது லைனிங், கருநீலம். இடது உள்பைக்குக் கீழே, குறி இருந்த அதே இடத்தில், வெள்ளை நூலில் ஒரு வார்த்தை: தாத்தா.

"போட்டுப் பாருங்க மாமா" என்றாள் மருமகள்.

போட்டேன். தோளில் வந்து உட்கார்ந்தது. இத்தனை வருடங்களில் அது ஒரு நாளும் என் தோளில் உட்கார்ந்ததில்லை. இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை வெளியே நிற்கும். அந்த ஒரு விரற்கடைதான் அவன். இப்போது அது இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். எனக்கென்றே தைத்த கோட்டு. எல்லாரும் கைதட்டினார்கள். ஆவி மட்டும் தட்டவில்லை.

"தோள வெட்டினியா?" என்று தையல்காரனைக் கேட்டேன்.

கைதட்டல் நின்றது. "தாத்தா?"

"வெட்டினியா, பிடிச்சுத் தைச்சியா? கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பிடிச்சுத்தான் தைச்சேன் தாத்தா" என்றான். "பழைய துணிய வெட்ட மனசு வரல. உள்ளயே மடிச்சு விட்டிருக்கேன். பிரிச்சா பழையபடி வந்துடும்."

அந்தப் பையனைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் அந்த இடத்திலேயே திரும்ப வாங்கிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

"உள்ள ஒரு குறி இருந்துச்சு தாத்தா" என்றாள் பேத்தி. எல்லார் முன்னாலும்தான் சொன்னாள். அவளுக்கு ஒளிக்க எதுவும் இல்லை. "நான்தான் வெட்டினேன். பரிசா வெளிய போற துணில குறி இருக்கலாமா? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. ஆனா நம்ம கோட்டுல எப்படிக் குறி வந்துச்சு? அது யாரோடது தாத்தா?"

மகன் என்னைப் பார்த்தான். அன்று அந்த வேலைக்காரனுக்காக அழுத பையனின் முகம் அவன் முகத்துக்குள் எட்டிப் பார்த்தது. மருமகள் ஆவியைப் பார்த்தாள். ஆவி இயந்திரத்தின் பக்கம் போனான். அது அணைந்து குளிர்ந்து கிடந்தது. மிதித்தான், புகை வரவில்லை.

இரண்டில் ஒன்றைத்தான் என்னால் காப்பாற்ற முடியும். என்னை அல்லது வரிசையில் நின்றவனை.

"வாடிக்கைக்காரர் கோட்டு" என்றேன். "வாங்க வரல. நான் போட்டுக்கிட்டேன்."

மருமகள் கேக்கை வெட்ட ஆரம்பித்தாள். மகன் தன் பங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றான். போட்டிருந்த கோட்டை நான் கழற்றவில்லை. ஒருவர் பரிசாகக் கொடுத்ததை அவர் கண் முன்னால் கழற்றுவது மரியாதை அல்ல.

மறுநாள் காலை பேத்தி எனக்கு முன்னால் கடைக்கு வந்திருந்தாள். நான் நுழைந்தபோது கவுண்ட்டர் மேல் முக்காலி போட்டு ஏறி, படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த துணியில் தூசி இல்லை. இறங்கி, என்னைப் பார்க்காமலேயே குறி மேசையில் உட்கார்ந்தாள். இரவு நான் ஆணியில் மாட்டிவிட்டுப் போன கோட்டு அவள் மடியில் இருந்தது. தோள் இரண்டும் பிரித்துவிடப்பட்டு அகலமாகிவிட்டிருந்தன. எதிர்க்கடைக்காரன் விடிந்தும் விடியாமலும் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

"குறி என்னன்னு எனக்கு ஞாபகம் இருக்கு தாத்தா. ஒரு கோடு, ஒரு பெருக்கல், மறுபடி ஒரு கோடு. தைச்சிடட்டுமா?"

நூல்கண்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவள் ஊசியில் கோத்தாள். கொஞ்ச நேரம் தைத்தாள். பிறகு வெள்ளை எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"தாத்தான்னு இருக்கே. இதப் பிரிச்சிடணுமா?"

"வேணாம்" என்றேன். "இருக்கட்டும். அவனும் உனக்கு அதுதான்."

அவள் தலை நிமிரவில்லை. படத்தையும் பார்க்கவில்லை. குறியை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்படிச் செய்யாதே என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். வாடிக்கைக்காரரிடம் கேட்கும் குரலில் கேட்டாள்.

"என்னிக்கு வேணும்னு போடட்டும்?"

பின்னறையில் ஆவி இயந்திரத்தைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். அவனும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னேன்.

"அவசரமில்லன்னு போடு."

தெருவில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. சலவைக்கடைப் பெரியவர் எண்பதாவது பிறந்தநாளில் பேத்தி கொடுத்த பரிசு பிடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இத்தனை காலம் யாரோ வாடிக்கைக்காரர் கோட்டை அமுக்கிவைத்திருந்து, மாட்டிக்கொண்டதும் வெட்கப்பட்டு விற்றுவிட்டாராம். அதனால்தான் சாயங்காலம் வெறும் சட்டையோடு நடக்கிறாராம்.

தவறு. கோட்டு விற்கப்படவில்லை, திருப்பிக் கொடுக்கப்படவும் இல்லை. சலவை முடிந்து தயாராக இருக்கிறது. முன்கம்பியில், கண்ணாடியை ஒட்டி முதலாவதாக, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி தொங்குகிறது. உரியவர் வந்தால் கவுண்ட்டரில் குறி வெட்டிக் கொடுக்கப்படும். வரிசையில் நிற்கத் தேவையில்லை.